ஒரே கேம நூறு தடவ ஆடுறது எப்படி: ஈயூ4 சலிச்சுப் போனவங்களுக்கு

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4ல (சுருக்கமா ஈயூ4, ஒரு நாட்ட எடுத்து வரலாறு முழுக்க ஓட்டுற கம்ப்யூட்டர் கேம்) ஆயிரம் மணி நேரம் போட்டுட்டு "போரடிக்குது"ன்னு சொன்னா வீட்ல சிரிக்கத்தான் செய்வாங்க, அது நியாயம்தான். ஆனா அந்த சலிப்பு நெஜம், எனக்கு வந்துச்சு, இத படிக்க வந்திருக்கீங்கன்னா உங்களுக்கும் வந்திருக்கும். ஓட்டோமான் எடுத்தாச்சு, பிரான்ஸ் எடுத்தாச்சு, காஸ்டீல் எடுத்தாச்சு, மாஸ்கோ எடுத்து ரஷ்யாவும் ஆயாச்சு. கொடி வேற, கலர் வேற, ஆனா கை பாக்குற வேலை மட்டும் அதேதான்: க்ளெய்ம் போடு (அந்த நிலம் என்னதுன்னு உரிமை கொண்டாடு), சண்டை போடு, மாகாணத்த புடி, கோர் பண்ணு (அத முழுசா நம்ம நிலமா ஆக்கு), இந்தப் பக்கம் பகை ஏறிடுச்சா அந்தப் பக்கம் திரும்பு, அது ஆறுனதும் மறுபடி இந்தப் பக்கம் வா. 1600 தாண்டுனா மேப்புக்கு பெயின்ட் அடிக்கிற வேலைதான் மிச்சம், அதுக்கு கூலி கூட கிடையாது.

இதுக்கு நண்பர்கள் எல்லாரும் சொல்ற மருந்து "வேற நாடு எடுத்துப் பாருடா". நானும் ரொம்ப நாள் அதத்தான் நம்பிட்டு இருந்தேன். அது வேலை செய்யாது. நாட்ட மாத்துனா மொதல் அம்பது வருஷம் புதுசா இருக்கும், அப்புறம் பழைய பழக்கம் வந்து உக்காந்துக்கும், ஏன்னா மாறாம இருக்குறது நீங்கதான். அதனால கீழ நான் சொல்றது எல்லாமே நாட்டப் பத்தி கம்மி, உங்க கையக் கட்டிப் போடுறதப் பத்தி அதிகம். ஈயூ4 எனக்கு நல்லா தெரியும்ங்கிறதால அத வச்சே சொல்றேன், மத்த கேமுக்கும் கடைசில வர்றேன்.

1821 வரைக்கும் போகணும்னு எந்த சட்டமும் இல்ல

கேம் தொடங்குறது 1444 நவம்பர் 11. முடியறது 1821. நடுவுல கிட்டத்தட்ட 376 வருஷம். இத முழுசா ஓட்டி முடிச்சாதான் "ஆடினேன்"னு கணக்குன்னு நிறைய பேர் மனசுல ஒரு எண்ணம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு, 1650லயே உயிர் போன கேம 1780 வரைக்கும் ஸ்பீட் 5ல இழுத்துட்டுப் போயி, லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்த, நான் மொபைல நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அது விளையாட்டு இல்ல, நைட் டூட்டி.

தொடங்கும்போதே முடிவ எழுதி வச்சிருங்க. நெஜமாவே ஒரு பேப்பர்ல. "பிராண்டன்பர்க், பிரஷ்யா ஆகணும், ஆன அன்னைக்கு கேம் ஓவர்." "கொரியா, என்லைட்டன்மென்ட் (அறிவொளி இயக்கம்) என் மண்ணுல பொறக்கணும், அவ்ளோதான்." "ஸ்காட்லாந்து, லண்டன்ல நம்ம கொடி." இப்படி ஒரு வரி. அந்த வரி நடந்ததும் சேவ மூடிடணும், இன்னும் கொஞ்சம்னு போகக் கூடாது. இப்படி ஆடுனா ஒரு ரன் பத்து பதினஞ்சு மணி நேரத்துல முடியும், அறுபது மணி நேரம் ஆகாது, அதே நேரத்துல நாலு வேற வேற கேம் ஆடிருப்பீங்க. இந்த கேமோட ருசியே மொத நூறு வருஷத்துலதான், எப்ப வேணா செத்துருவோம்ங்கிற பயம் இருக்கும்போதுதான். அந்தப் பயம் போன எடத்துல எழுந்திரிச்சுப் போயிடுறதுதான் மரியாதை.

நாட்டப் பாக்காதீங்க, அதோட தலைவலியப் பாருங்க

லாபில மேப்பப் பாத்து "இது அழகா இருக்கு"ன்னு நாடு எடுக்குறத விடுங்க. எந்த மாதிரி தலைவலி வேணும்னு மொதல்ல கேளுங்க. போன தடவ பணம்தான் தலைவலியா இருந்துச்சுன்னா இந்தத் தடவ உறவு தலைவலியா இருக்கட்டும்.

உதாரணத்துக்கு ஆஸ்திரியா. அங்க சண்டை போட்டு நிலம் புடிக்கிறது முட்டாள்தனம், நீங்க புனித ரோமானியப் பேரரசோட பேரரசர், உங்க வேலை சின்னச் சின்ன ஜெர்மன் இளவரசர்கள தாஜா பண்றது, வாக்கு வாங்குறது, ஒவ்வொரு சீர்திருத்தமா நிறைவேத்துறது, மார்ட்டின் லூதர் வந்ததுக்கப்புறம் பாதிப் பேர் மதம் மாறிட்டு நிக்கும்போது தலைல கை வைக்கிறது. அப்படியே நேரெதிர் ஓய்ராத். மங்கோலியப் புல்வெளி, பக்கத்துல மிங், நெஜ வரலாறுல 1449ல தூமூ கோட்டைகிட்ட மிங் பேரரசரையே உயிரோட புடிச்சுட்டுப் போனவங்க. இங்க நிலத்த வளக்குறது இல்ல, எரிக்கிறதுதான் வேலை, புடிச்ச ஊர சூறையாடுனா மோனார்க் பாயிண்ட் (ஆட்சி நடத்த செலவு பண்ற புள்ளி) கெடைக்கும், நின்னா செத்தோம். மிங்கே எடுத்தீங்கன்னா மூணாவது வகை: வெளில எதிரியே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா மேன்டேட் (ஆளுறதுக்கு வானம் குடுத்த உரிமைன்னு ஒரு கணக்கு) கொறைய கொறைய வீடு உள்ளேருந்து உளுத்துப் போகும். விஜயநகரம்னா பாமினியோட விடாத பங்காளிச் சண்டை, தமிழ் மாகாணங்கள கைல பாக்குற சந்தோஷத்துக்காக நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு தடவ எடுத்துருவாங்க, தப்பில்ல, ஆனா பாமினி ஒடஞ்சதும் தலைவலி தீந்துரும், அதோட அந்த கேமும் தீந்துரும்.

இதுல ஒண்ண மட்டும் கிட்டப் போயி பாக்கலாம், பைசான்டியம். இத ஆடாதவங்க கம்மி, ஆனா பாதிப் பேர் மூணு தடவ தோத்துட்டு விட்டுருவாங்க.

1444 நவம்பர்ல உங்க கைல கான்ஸ்டாண்டிநோபிள் இருக்கு, கீழ மோரியாப் பக்கம் கொஞ்சம் நிலம், அப்புறம் ஏதென்ஸ், அது ஒரு வாசல் (vassal, நமக்குக் கட்டுப்பட்ட குட்டி நாடு). அவ்ளோதான் ரோம சாம்ராஜ்யம். நாலு பக்கமும் ஓட்டோமான். நெஜத்துல 1453 மே 29ல கதை முடிஞ்சுது, கேம்ல பல தடவ அதுக்கு முன்னாடியே முடிஞ்சுரும். நேருக்கு நேர் நின்னா வாய்ப்பே இல்ல. ஆனா மேப்ப உத்துப் பாத்தீங்கன்னா ஒரு விஷயம் தெரியும், ஓட்டோமான் நாடு ரெண்டு கண்டத்துல பிரிஞ்சு கெடக்கு, நடுவுல மர்மரா கடல். ஜலசந்தில கப்பற்படைய நிறுத்தி எதிரி ராணுவம் தாண்டுறத தடுக்கலாம், இது கேமோட விதி. அப்ப கணக்கு சிம்பிள்: கடன் வாங்கு, வாங்க முடிஞ்ச அளவு வாங்கு, அத்தனையும் கேலி (galley, துடுப்பு போடுற போர்க்கப்பல்) கப்பல்ல போடு, ஏன்னா மெடிட்டரேனியன் மாதிரி உள்கடல்ல கேலிக்கு பலம் அதிகம், அப்புறம் ஓட்டோமான் படை அனடோலியால கராமான் கூடவோ வேற யாரு கூடவோ சண்டைக்குப் போற வரைக்கும் காத்திரு, படை முழுசா அந்தப் பக்கம் போனதும் போர் அறிவிச்சு கடல அடை. அவங்க ராணுவம் அந்தக் கரைல நின்னு பாத்துட்டே இருக்கும், நீங்க இந்தக் கரைல கூலிப்படைய வச்சு ஓட்டோமான் தலைநகரம் எதீர்னேலருந்து ஒவ்வொரு கோட்டையா புடிச்சுக்கலாம்.

படிக்க ஈஸியா இருக்குல்ல? நான் ஏழு தடவ தோத்தேன். அதுல அஞ்சாவது தடவ நடந்தத இன்னும் மறக்க முடியல. எல்லாம் சரியா பண்ணேன், ஓட்டோமான் படை முழுசா அனடோலியால, பால்கன்ல காவலுக்கு ரெண்டாயிரம் பேர் கூட இல்ல, போர் அறிவிச்சேன், கப்பல மர்மராக்கு அனுப்புனேன், எதிர்ல வந்த ஓட்டோமான் கப்பல் என்னத விட கம்மி, ஆனா என் கப்பல் ஒண்ணொண்ணா முழுகுது. பாஸ் பண்ணிட்டுப் பாத்தா, மாசச் செலவு மிச்சம் பண்றேன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கடற்படை பராமரிப்பு ஸ்லைடர கீழ எறக்கி வச்சிருந்தேன், ஏத்த மறந்துட்டேன். மாலுமிங்களுக்கு சம்பளமே குடுக்காம சாம்ராஜ்யத்த காப்பாத்துங்கடான்னு அனுப்பி வச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டரை மணி. அயர்ன்மேன் வேற, பழைய சேவுக்குப் போகவும் வழியில்ல.

எட்டாவது தடவ ஜெயிச்சேன், எதீர்னே என் கைக்கு வந்த அன்னைக்கு கேம மூடிட்டேன். ஜெயிச்ச பைசான்டியம் இன்னொரு ஓட்டோமான்தான், நிறம் மட்டும் ஊதா.

ராஜா செத்தா நாட்டோட புத்தி மாறணும்

இது நான் கண்டுபுடிச்ச விதின்னு சொல்லிக்க ஆசை, வேற யாராவது முன்னாடியே ஆடியிருப்பாங்க. ஆனா இந்தப் பட்டியல்ல ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கப் போறீங்கன்னா இத எடுத்துக்கோங்க.

ஈயூ4ல ஒவ்வொரு ராஜாவுக்கும் மூணு நம்பர், நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம், ஒவ்வொண்ணும் 0லருந்து 6 வரைக்கும். எல்லாரும் இத வெறும் பாயிண்ட் மெஷினா பாக்குறாங்க, ராஜா 2-1-2னா "சை"ன்னு சொல்லிட்டு அடுத்த வாரிசுக்காகக் காத்திருக்குறது. அத விட்டுட்டு இப்படிப் பண்ணுங்க. ராஜாவோட பெரிய நம்பர் எதுவோ அதுதான் அந்த ஆட்சி. நிர்வாகம் பெருசுன்னா அவர் ஆயுசு முழுக்க நீங்களா போர் தொடங்கக் கூடாது, கட்டடம், டெவலப்மென்ட், மதம், கலகம் அடக்குறது, இதுதான். ராஜதந்திரம் பெருசுன்னா கூட்டணி, கல்யாணம், வாசல், வணிகம், காலனி. ராணுவம் பெருசுன்னா போர், அதுவும் தள்ளிப் போடக் கூடாது, ஆட்சிக்கு வந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஒரு சண்டை கட்டாயம், கஜானால காசு இருக்கோ இல்லையோ. ரெண்டு நம்பர் சமமா இருந்தா பூவா தலையா. நடுப் போர்ல ராஜா செத்து, சண்டைக்கு ஆகாத வாரிசு வந்தா ஒரு வருஷத்துக்குள்ள சமாதானம் பண்ணியே ஆகணும், கெடச்ச வெலைக்கு.

ராஜாவுக்கு குணங்களும் வரும், கொடூரமானவர், நீதிமான், பேராசைக்காரர்னு, அதையும் சேத்துக்கலாம், ஆனா மொதல்லயே எல்லாத்தயும் சேத்தா கணக்குப் பாக்கவே நேரம் போயிரும்.

ஸ்வீடன்ல இத மொதல் தடவ ஆடிப் பாத்தேன். 1444ல ஸ்வீடன் டென்மார்க்கோட கல்மர் யூனியன்ல இளைய கூட்டாளி, அதுலருந்து வெளில வர்றதே ஒரு சின்ன கேம், இங்கிலாந்தோ போலந்தோ நம்ம விடுதலைக்கு ஆதரவு குடுக்குற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். வெளில வந்தாச்சு. எனக்கு வந்த மூணாவது ராஜா 1-1-5. நல்லா வாழ்ந்தாரு மனுஷன், 38 வருஷம், அத்தனை வருஷமும் போர், மேன்பவர் பூஜ்யம், கடன் கழுத்து வரைக்கும், நான் வழக்கமா ஆடுற மாதிரி இருந்தா நடுவுல இருபது வருஷம் நிறுத்திருப்பேன், விதி விடல. கடைசில நோவ்கோரோட் மேல பாதிப் போர்ல இருக்கும்போது செத்துட்டாரு. வந்தது ஒரு ராணி, 5-3-0. ஜெயிச்சுக்கிட்டு இருக்குற போர், இன்னும் ரெண்டு கோட்டை விழுந்தா முழு நாடும் என்னது, ஆனா ராணிக்கு அது வேணாம். ஒரே ஒரு மாகாணத்தோட சமாதானம் போட்டேன், மனசே இல்லாம. அடுத்த எட்டு வருஷத்துல மிச்ச நோவ்கோரோட்ட மாஸ்கோ முழுங்கிருச்சு, அங்கேருந்து ரஷ்யா ஆச்சு, அதுக்கப்புறம் கேம் முழுக்க எனக்கு கெழக்குல ஒரு கரடி.

என்ன ஆச்சுன்னா, அதுதான் நான் ஆசையா 1700 வரைக்கும் ஓட்டுன மொத கேம். ஏன்னா எதிரிய நானே வளத்து விட்டிருந்தேன். நல்லா ஆடத் தெரிஞ்ச ஒருத்தன் ஒரு தப்பும் பண்ணாம ஆடுனா மேப்புல எதிரியே மிச்சம் இருக்க மாட்டான், இந்த விதி உங்கள நியாயமான காரணத்தோட தப்பு பண்ண வைக்குது. ஸ்வீடனோட நெஜ வரலாறும் இதத்தான் சொல்லுது: குஸ்தாவ் அடால்ஃப் ஜெர்மனி வரைக்கும் படையோட போயி 1632ல லூட்சன் போர்க்களத்துல செத்தாரு, அவர் மக கிறிஸ்டினா 1654ல முடியே வேணாம்னு எறக்கி வச்சுட்டு ரோமுக்குப் போயிட்டாங்க. ஒரே வீடு, ஒரே ரத்தம், புத்தி வேற.

நிலத்த தொடாம ஒரு கேம்

இன்னொரு கை கட்டுற வழி, கேம் உங்களுக்குக் குடுக்குற பெரிய ஆயுதத்த நீங்களே பூட்டி வைக்கிறது. இதுக்கு வெனிஸ் மாதிரி ஒரு நாடு கெடைக்காது. என் விதி: கடலோர மாகாணம் மட்டும்தான், அதுவும் ஒரு போருக்கு ஒண்ணே ஒண்ணு, இத்தாலிக்குள்ள ஒரு சென்ட் நிலம் கூட புதுசா வாங்கக் கூடாது.

அப்ப பணம் எங்கேருந்து வரும்? வணிகம். ஈயூ4ல நிறைய பேரு ட்ரேட் மேப்ப தொறக்கவே மாட்டாங்க, அம்புக்குறியப் பாத்தாலே தலை சுத்தும்னு. அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, வாய்க்கால் மாதிரிதான். சரக்கோட மதிப்பு ஒரு நோட்லருந்து (node, வணிக மையம்) அடுத்த நோடுக்கு ஒரே தெசைல ஓடும், திரும்பி வராது, கடைசில மூணு எடத்துல போயி தேங்கும்: வெனிஸ், ஜெனோவா, இங்கிலீஷ் சேனல். கடைமடைல உக்காந்திருக்கவனுக்குத்தான் தண்ணி, நீங்க ஏற்கனவே அங்கதான் உக்காந்திருக்கீங்க. அலெக்ஸாண்ட்ரியாலருந்து ஒரு மடை, கான்ஸ்டாண்டிநோபிள்லருந்து ரகூசா வழியா ஒரு மடை. உங்க வேலை மேல போயி யாரும் மடைய மாத்தித் தொறக்காம பாத்துக்குறது. வணிகர ஒருத்தர அங்க உக்கார வைங்க, சின்னக் கப்பல்கள வணிகப் பாதுகாப்புக்கு அனுப்புங்க, ஒண்ணு ரெண்டு முக்கியத் துறைமுகத்த புடிங்க.

1500 வாக்குல வயித்துல புளி கரையும். போர்ச்சுகல் ஆப்பிரிக்காவ சுத்திக் கெழக்க போகும், வாஸ்கோ டா காமா 1498ல கோழிக்கோட்டுக்கு வந்த கதை, மொளகு கேப் (நன்னம்பிக்கை முனை) சுத்தி ஐவரி கோஸ்ட் வந்து செவில்லுக்கும் இங்கிலீஷ் சேனலுக்கும் திரும்பும், உங்க வாய்க்கால் வத்தும். நெஜ வெனிஸ் இதே கவலைல தூக்கத்த தொலைச்சது. இப்ப உங்களுக்கு உண்மையான கேள்வி: எகிப்துல மம்லூக்க கைக்குள்ள போட்டுக்கணுமா, இல்ல ஓட்டோமான் மம்லூக்க முழுங்குறத வேடிக்கை பாக்கணுமா, இல்ல அதிகப் பிரசங்கித்தனமா நீங்களே செங்கடல் பக்கம் எறங்கணுமா. முப்பது மாகாணத்துக்குள்ள ஒரு வல்லரசு. அம்பது சண்டை போட்ட கேம விட இதுல யோசிக்க வேண்டியது அதிகமா இருந்துச்சு எனக்கு.

இதே மாதிரி வேற பூட்டும் போடலாம். மிஷன் ட்ரீ (கேம் வரிசையா குடுக்குற இலக்குகள்) பக்கத்த தொறக்கவே கூடாதுன்னு ஒரு விதி, இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அந்த ட்ரீதான் எல்லாரையும் ஒரே ரோட்டுல ஓட வைக்குது, அத மூடுனா நீங்களே யோசிக்கணும். ஐடியா குரூப்ப (நாட்டுக்கு நாம தேர்ந்தெடுக்குற போனஸ் தொகுப்பு) சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்குறது இன்னொண்ணு, வழக்கமா எடுக்குற அதே நாலு குரூப்ப விட்டுட்டு கடற்படை ஐடியா வந்த ஹங்கேரிய வச்சு என்ன பண்றதுன்னு முழிக்கிறது ஒரு தனி சுகம்.

செட்டிங்ல தூங்குற விஷயங்கள்

அயர்ன்மேன்லயே ஆடி ஆடி அச்சீவ்மென்ட் சேக்குறவங்களுக்கு இது தெரியாமலே போயிருது. சாதா மோட்ல கேம் தொடங்குறதுக்கு முன்னாடி லக்கி நேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும். டீஃபால்ட்டா வரலாறுல பெரிய ஆளா வந்த நாடுகளுக்குத்தான் அந்த மறைமுக போனஸ் போகும், அதனாலதான் ஒவ்வொரு கேம்லயும் அதே ஓட்டோமான், அதே பிரான்ஸ். அத ரேண்டமா மாத்தி விடுங்க. திடீர்னு ஒரு கேம்ல பிரிட்டனி உருண்டு திரண்டு நிக்கும். ரேண்டம் நியூ வேர்ல்ட் இருந்தா காலனி நாடு எடுக்கும்போது போட்டுப் பாருங்க, அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நெஜமாவே தெரியாது, கண்டுபுடிக்கிறதுன்னா என்னன்னு அப்பதான் புரியும். சில சமயம் மேப் கேவலமா வரும், அத சகிச்சுக்கணும்.

1444 தவிர வேற தேதிலயும் தொடங்கலாம், 1618 முப்பதாண்டுப் போர், 1789 பிரெஞ்சுப் புரட்சி மாதிரி. உண்மையச் சொன்னா பின்னாடி தேதிகள் சரியா பராமரிக்கப்படல, பாதி நாடு அரை வேக்காடா இருக்கும், ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு ஓகே, அதுக்கு மேல வேணாம்.

அச்சீவ்மென்ட் பத்தி ஒரு வார்த்தை. த்ரீ மவுன்டைன்ஸ்னு ஒண்ணு இருக்கு, ரியூக்யூங்கிற ஒத்தத் தீவ வச்சு உலகம் மொத்தமும் புடிக்கணும். முடிச்சவங்களுக்கு ஒரு கும்புடு. ஆனா வெரைட்டி வேணும்னா அந்தப் பக்கம் போகாதீங்க, உலகத்தையே புடிக்கிற கேம் எந்த நாட்ட வச்சு ஆடுனாலும் கடைசில ஒரே கேம்தான், கை வலிக்கிற கேம். சின்ன அச்சீவ்மென்ட்டுங்க நல்லா இருக்கும், ஐரிஷ் குட்டி நாட்ட வச்சு பிரிட்டிஷ் தீவுகள புடிக்கிற மாதிரி.

மத்த கேம்கள்ல இதே வித்தை

க்ரூசேடர் கிங்ஸ் 3ல (ஒரு அரச வம்சத்த தலைமுறை தலைமுறையா ஆடுற கேம்) நான் மேல சொன்ன ராஜா விதி கேமுக்குள்ளயே இருக்கு. கோழை குணம் உள்ளவர் சண்டைல முன்னாடி நின்னாலோ, கருணை உள்ளவர் ஒருத்தன தூக்குல போட்டாலோ ஸ்ட்ரெஸ் ஏறும், ஏறிக்கிட்டே போனா ஆளே காலி. அதனால அங்க வெரைட்டி வேணும்னா நாட்ட மாத்தாதீங்க, வாரிச மாத்துங்க: எப்பவும் ஜீனியஸ் புள்ளைக்கே முடி போற மாதிரி தில்லுமுல்லு பண்ணாம, சட்டப்படி யாரு வரணுமோ அவன ஆடுங்க, குடிகாரனோ பைத்தியமோ. 1066ல தொடங்குனா சோழ நாட்டுல வீரராஜேந்திரன் காலம், நெஜத்துல அவர் போன கொஞ்ச நாள்லயே அவர் மகன் அதிராஜேந்திரனும் போயி, 1070ல வேங்கிச் சாளுக்கிய வீட்டுலருந்து தாய் வழிச் சொந்தத்த வச்சு குலோத்துங்கன் வந்து உக்காந்தாரு. அந்த வாரிசுக் குழப்பத்த வேங்கிப் பக்கம் நின்னு ஆடிப் பாருங்க, தஞ்சாவூர்ப் பக்கம் நின்னு ஆடுறத விட அது காரமா இருக்கும். 2024ல வந்த ரோட்ஸ் டு பவர் டிஎல்சிக்கு (கேமுக்கு தனியா காசு குடுத்து வாங்குற கூடுதல் பகுதி) அப்புறம் நெலமே இல்லாத சாகசக்காரனாவும் ஆடலாம், அது கிட்டத்தட்ட வேற கேம்.

ரெண்டாம் உலகப் போர் கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4ல ஒரே ஒரு டிக்: வரலாற்றுப்படி ஏஐ நடக்கணும்ங்கிற பெட்டிய எடுத்து விடுங்க. எடுக்காத வரைக்கும் 1939 ஒரே மாதிரிதான் வரும், எடுத்துட்டா ஜெர்மனில கைசர் திரும்ப வந்தாலும் வருவாரு. விக்டோரியா 3ல, 1836லருந்து 1936 வரைக்கும் ஓடுற கேம் அது, இலக்க சட்டத்துல வைங்க, நிலத்துல வைக்காதீங்க: ரஷ்யால பண்ணையடிமை முறைய போர் இல்லாம எத்தனை வருஷத்துல ஒழிக்கலாம்னு பாருங்க, நிலச்சுவான்தாருங்க உங்கள சும்மா விட மாட்டாங்க. 2025 நவம்பர்ல ஈயூ5 வந்தாச்சு, அது 1337ல தொடங்குது, பிளேக் நோய் இன்னும் வரல, நூறாண்டுப் போர் வாசல்ல நிக்குது. அங்க நிறைய வேலைய கேம் கிட்டயே ஒப்படைக்கலாம்ங்கிறதால "வணிகம் மட்டும் நான் பாத்துக்குறேன், மிச்சத்த நீ பாரு"ன்னு ஒரு ரன் ஆட முடியுது, பழைய கேம்ல அந்த வசதி இல்ல.

மோட் (mod, ரசிகர்களே கேம மாத்தி செய்றது) பத்தி நீட்ட மாட்டேன். ஈயூ4க்கு அன்பென்னார் ஒண்ணு போதும், அதுல கற்பனை உலகம், குள்ளர்கள் மலைக்கு அடில சுரங்கத்துலயே நாடு கட்டுறாங்க, இலவசம், காசு குடுத்து வாங்குன பல டிஎல்சிய விட அதுல உழைப்பு அதிகம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னுக்கு கைசர்ரைக், மொத உலகப் போர்ல ஜெர்மனி ஜெயிச்ச உலகம்.

காசு விஷயம்: எல்லா டிஎல்சியும் வாங்கணும்னு அவசியம் இல்ல, ஸ்டீம் சேல் வரைக்கும் காத்திருங்க. நண்பர்களோட மல்டிபிளேயர் ஆடுனா ஈயூ4ல ஹோஸ்ட் பண்றவன் கிட்ட இருக்குற டிஎல்சி அந்த கேம்ல எல்லாருக்கும் வேலை செய்யும், அதனால கூட்டத்துல வசதியான ஒருத்தன ஹோஸ்ட்டா போடுங்க, டீ வாங்கிக் குடுத்தா போதும். மல்டிபிளேயர்ல ஆள் நாலு பேர் இருந்தாலே வெரைட்டி தானா வந்துரும், ஏஐ ஒரு நாளும் "மச்சான் சும்மா எல்லைல படைய நிறுத்தி வச்சிருக்கேன், ஒண்ணும் இல்ல"ன்னு பொய் சொல்லாது. ஒரே ஒரு எச்சரிக்கை, வாரத்துக்கு ஒரு நாள், மூணு மணி நேரம்னு பேசி வச்சு ஆடுங்க, மொத வாரமே விடிய விடிய ஆடுனா ரெண்டாவது வாரம் யாரும் வர மாட்டான்.

கடைசியா ஒண்ணு, விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு ராஜா சாகும்போதும் நாலு வரி எழுதுங்க, மேப்ப ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. ஒரு மாசம் கழிச்சு நோட்டப் பாத்தா எந்த ரன்ல நீங்க தூங்கிட்டே ஆடினீங்க, எதுல கை நடுங்குச்சுன்னு அதுலயே தெரிஞ்சுரும், அடுத்த தலைவலிய அதுலருந்து தேடலாம்.

என் நோட்டுல இப்ப ஓடுறது கிரனடா, ஸ்பெயின் தெக்குல இருந்த சின்ன முஸ்லிம் அரசு. சீட்டுல வந்துச்சு, நானா எடுக்கல. எழுதி வச்ச முடிவு: நெஜத்துல கிரனடா விழுந்த 1492 ஜனவரி 2 அன்னைக்கு அல்ஹாம்ப்ரா அரண்மனை நம்ம கைல இருக்கணும், அவ்ளோதான். மொராக்கோ கூட்டணிக்கு வந்துருச்சு, துனிஸ் முறுக்கிட்டு நிக்குது, காஸ்டீல்ல உள்நாட்டுச் சண்டை வரும் வரும்னு பாத்துட்டு இருக்கேன், வரல. 1461 மார்ச்ல பாஸ் பண்ணி வச்சிருக்கேன். எல்லைல பதினாலாயிரம் பேர் வந்து நிக்குறாங்க, நம்ம கிட்ட ஏழாயிரம். இந்தத் தடவ ஸ்லைடர மொதல்ல ஏத்திட்டேன்.